ஒன்றாம் வகுப்புக்கு எந்தப் பள்ளி? சென்னிமலை, பெருந்துறைப் பக்கம் இருப்பவர்களின் ஆலோசனை வேண்டும்

கேள்வி: தோட்டத்து வீடு, சென்னிமலை

வணக்கம். நாங்கள் சென்னிமலைக்கு அருகில் தோட்டத்து வீட்டில் குடியிருக்கிறோம். கணவர் விசைத்தறி நடத்துகிறார். நான் பெருந்துறையில் ஒரு நிறுவனத்தின் கணக்குப் பிரிவில் வேலை செய்கிறேன். எங்கள் மகளுக்குக் கடந்த கார்த்திகையில் ஐந்து வயது நிறைந்தது. அவள் இப்போது படிக்கும் மழலையர் பள்ளியில் யு.கே.ஜி.க்கு மேல் வகுப்பு இல்லாததால், வரும் ஜூனில் ஒன்றாம் வகுப்புக்கு வேறு பள்ளி பார்த்தாக வேண்டும்.

மூன்று பள்ளிகளை மனத்தில் வைத்திருக்கிறோம். முதலாவது, ஈரோட்டுப் பக்கம் உள்ள பெரிய சி.பி.எஸ்.இ. பள்ளி. நீச்சல் குளம், ஸ்மார்ட் கிளாஸ், பரந்த விளையாட்டுத் திடல் என்று எல்லாம் இருக்கின்றன. ஆனால் வேன் காலை ஏழு மணிக்கே எங்கள் சாலைப் பிரிவுக்கு வந்துவிடும். மாலையில் குழந்தை வீடு திரும்ப ஐந்தரை ஆகிவிடும். ஆறு வயது நிறையாத குழந்தையை மறுபடியும் யு.கே.ஜி.யில்தான் சேர்ப்போம் என்றும் அலுவலகத்தில் சொல்லிவிட்டார்கள். இரண்டாவது, அரை மணி நேரத் தொலைவில் பன்னிரண்டாம் வகுப்பு வரை உள்ள ஒரு மெட்ரிக் பள்ளி; அங்கே ஒன்றாம் வகுப்பின் ஒவ்வொரு பிரிவிலும் நாற்பது குழந்தைகளுக்கு மேல் இருக்கிறார்கள். மூன்றாவது, எங்கள் வீட்டிலிருந்து வண்டியில் பத்து நிமிடத்தில் போய்விடக்கூடிய ஒரு சிறிய நர்சரி பிரைமரி பள்ளி. வகுப்புக்கு ஒரே பிரிவு, பிரிவுக்கு முப்பதுக்கும் குறைவான குழந்தைகள். கட்டடம் பழையது, ஐந்தாம் வகுப்போடு முடிந்துவிடும்.

மாமனாருக்குப் பெரிய பள்ளியின் மேல்தான் விருப்பம். பேத்திக்காகச் செலவு செய்ய அவர் கணக்குப் பார்ப்பதில்லை. பிளஸ் டூ வரைக்கும் அலைச்சல் இருக்காது என்பதால் கணவர் மெட்ரிக் பள்ளியைச் சொல்கிறார். என் மனம் மூன்றாவது பள்ளிக்குப் போகிறது என்றாலும், அருகில் இருக்கிறது என்ற வசதிக்காக மட்டும் குழந்தையின் படிப்பை முடிவு செய்கிறேனோ என்ற கலக்கம் இருக்கிறது. தொடக்க வகுப்புகளில் பாடத்திட்டத்தால் எவ்வளவு வேறுபாடு வரும்? பள்ளியைப் பார்க்கப் போகும்போது, அவர்கள் சுற்றிக் காட்டுவதைத் தாண்டி எதைப் பார்க்க வேண்டும், எதைக் கேட்க வேண்டும்? அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள்.

மறுமொழி: ஓய்வு பெற்ற தொடக்கப் பள்ளி ஆசிரியை, கோபிசெட்டிபாளையம்

அம்மணி, உங்கள் கலக்கம் புரிகிறது. என் பணிக்காலம் முழுவதும் தொடக்கப் பள்ளியிலேயே கழிந்ததால், ஒன்று முதல் ஐந்து வரையிலான வகுப்புகளைப் பற்றி என்னால் உறுதியாகப் பேச முடியும். இந்த வயதுக் குழந்தைக்குப் பள்ளிக்கூடம் என்றால் அது கிளாஸ் டீச்சர்தான். எழுத்துக் கூட்டிப் படிப்பது, எண்களைப் பொருள் தெரிந்து கையாள்வது, பத்துப் பேர் நடுவில் பயமில்லாமல் வாய் திறப்பது ஆகிய மூன்றும் ஒன்றாம் வகுப்பிலும் இரண்டாம் வகுப்பிலும் கூடிவர வேண்டும். எந்தப் பாடத்திட்டமாக இருந்தாலும் இதில் மாற்றம் கிடையாது. சமச்சீர்க் கல்வி 2010-11இல் முதலில் ஒன்றாம் வகுப்புக்கும் ஆறாம் வகுப்புக்கும்தான் வந்தது. அதற்குப் பிறகு மெட்ரிக் பள்ளிக்கும் நர்சரி பிரைமரி பள்ளிக்கும் அரசுப் பள்ளிக்கும் ஒரே மாநிலப் பாடத்திட்டம்தான். ஆகவே இந்த இரண்டு பள்ளிகளுக்கு நடுவில் தேர்ந்தெடுக்கும்போது பாடத்திட்டத்தை ஒரு காரணமாக எடுத்துக்கொள்ளத் தேவையில்லை.

பள்ளிக்குப் போகும்போது கட்டடத்தைச் சுற்றிப் பார்த்து முடித்ததும், இந்த ஆண்டு ஒன்றாம் வகுப்பில் படிக்கும் குழந்தைகள் இருவரின் தமிழ் நோட்டைக் கேட்டு வாங்கிப் பாருங்கள். இரண்டிலும் ஒரே வாக்கியங்கள், ஒரே வரிசையில், ஒரு பிழைகூட இல்லாமல், பக்கத்துக்குப் பக்கம் சிவப்பு மையில் 'குட்' என்று இருந்தால், அங்கே குழந்தைகள் கரும்பலகையைப் பார்த்து நகல் எடுக்கிறார்கள், அவ்வளவுதான். நான் நல்ல பள்ளி என்று சொல்லும் இடங்களில் நோட்டு அப்படி இருக்காது. ஒரு குழந்தை 'எங்க வூட்டு எரும கன்னு போட்டுது' என்று கோணல் மாணலாக எழுதியிருக்கும்; டீச்சர் அதை அடித்து நாசம் செய்யாமல், கீழ்வரியில் 'எங்கள் வீட்டு எருமை கன்று போட்டது' என்று எழுதிக் கொடுத்திருப்பார்; அடுத்த பக்கத்தில் அந்தக் கன்றுக்குப் பெயர் வைத்த கதையைக் குழந்தை தானாக எழுதியிருக்கும். அந்தப் பிழைகளைப் பார்த்து நீங்கள் முகம் சுளிக்க வேண்டியதில்லை. சொந்தமாக எழுதத் துணிந்த குழந்தைக்குத்தான் பிழை வரும்.

பிறகு, அனுமதி கேட்டு மூன்றாம் வகுப்புக் குழந்தை ஒன்றை அழைத்து, பாடத்தில் இல்லாத ஒரு பக்கத்தைத் தமிழிலும் ஆங்கிலத்திலும் படிக்கச் சொல்லுங்கள். நீங்கள் கையோடு ஒரு சிறுவர் கதைப் புத்தகம் கொண்டு போவது நல்லது. பாடப் புத்தகம் என்றால் குழந்தை மனப்பாடமாக ஒப்பித்துவிடும். பள்ளியே முன்னால் கொண்டுவந்து நிறுத்தும் கெட்டிக்காரக் குழந்தையை விட்டுவிட்டு, நடு வரிசையில் இருக்கும் ஒரு குழந்தையைக் கேளுங்கள். மூன்றாம் வகுப்பில் தடுமாறாமல் படித்து, படித்ததைத் தன் சொல்லில் திருப்பிச் சொன்னால், அந்தப் பள்ளியில் முதல் இரண்டு ஆண்டுகள் ஒழுங்காக நடக்கின்றன என்று நம்பலாம்.

தமிழ் நாட்டில் தமிழ் கற்பதற்கான சட்டம் 2006இல் வந்தது. அதனால் எந்தத் தனியார் பள்ளியும் தமிழ் சொல்லித் தருகிறோம் என்றுதான் சொல்லும். வாரத்துக்கு எத்தனை பீரியட், யார் எடுக்கிறார், அவர் தமிழுக்கென்றே இருப்பவரா அல்லது மற்ற பாடத்து ஆசிரியரா என்று விவரமாகக் கேளுங்கள். தமிழில் பேசினால் தண்டம் போடுகிற பள்ளியில் எந்த வசதி இருந்தாலும் சிறு குழந்தையைச் சேர்க்காதீர்கள். அப்பாருவிடமும் அம்மாயியிடமும் கலகலவென்று பேசிக்கொண்டிருக்கும் குழந்தை, வகுப்பில் வாய் மூடிப் பழகிவிட்டால், அந்தப் பேச்சைத் திரும்ப வரவழைப்பது எவ்வளவு கடினம் என்பதைக் கண்ணால் பார்த்தவள் நான்.

இன்னொன்று, கழிப்பறை. காலை இடைவேளை முடிந்த உடனே போய்ப் பாருங்கள். காலையில் கழுவி வைத்த நிலையைப் பார்த்துப் பயனில்லை. கதவில் தாழ்ப்பாள் சின்னக் கைக்கு எட்டுகிறதா, குழாயில் தண்ணீர் வருகிறதா, உதவிக்கு ஆயா இருக்கிறாரா என்று பாருங்கள். கழிப்பறைக்குப் பயப்படும் பெண் குழந்தைகள் நாள் முழுவதும் தண்ணீரே குடிக்காமல் பாட்டிலை நிறைத்தபடி வீட்டுக்குக் கொண்டுவருவார்கள்.

வயதைப் பற்றிக் கவலை வேண்டாம். மாநிலப் பாடத்திட்டத்தில் ஜூலை 31க்குள் ஐந்து வயது நிறைந்திருந்தால் ஒன்றாம் வகுப்பில் சேரலாம். உங்கள் மகளுக்கு அது பொருந்துகிறது. ஆறு வயது என்பது 2020ஆம் ஆண்டுத் தேசியக் கல்விக் கொள்கை சொல்வது. ஓராண்டு தள்ளிச் சேர்ப்பதால் குழந்தைக்கு இழப்பு ஒன்றும் இல்லை, ஆனால் யு.கே.ஜி. முடித்த குழந்தையை அதே பயிற்சிப் புத்தகங்களோடு இன்னொரு வருடம் உட்கார வைத்தால் அது சலித்துப்போகும்.

மறுமொழி: பனியன் கம்பெனி மேலாளர், திருப்பூர்

சகோதரி, டீச்சர் அம்மா சொன்னதில் எனக்கு மாற்றுக் கருத்து இல்லை. பயணத்தைப் பற்றியும் பணத்தைப் பற்றியும் மட்டும் சேர்த்துச் சொல்கிறேன்.

என் மகன் முதல் இரண்டு வகுப்புகளைத் தொலைவான ஒரு பள்ளியில் படித்தான். காலை ஏழு மணி வேனுக்கு ஆறு மணிக்கு எழுப்ப வேண்டும். அந்த நேரத்தில் ஐந்து வயதுக் குழந்தைக்கு இட்லி இறங்காது. பாதி டம்ளர் பாலோடு ஏறிவிடுவான். மாலையில் வேனிலேயே தூங்கி, தூங்கிய நிலையில் இறக்கி விடுவார்கள். அதன் பிறகு ஹோம் ஒர்க் என்று நோட்டை எடுத்தால் அழுகைதான். பக்கத்துப் பள்ளிக்கு மாற்றிய பிறகு மாலை நேரம் முழுவதும் அவன் கையில் வந்தது. மதிப்பெண்ணைவிட அந்த மாற்றம்தான் எங்கள் வீட்டில் பெரிதாகத் தெரிந்தது. ஆகவே அருகில் இருப்பதை வசதிக்கான காரணம் என்று நீங்கள் குறைத்து எண்ணாதீர்கள். இரண்டு மணி நேரத் தூக்கமும் விளையாட்டும் அந்த வயதில் படிப்பைச் சேர்ந்தவைதான்.

எந்தப் பள்ளியானாலும் வேனில் அனுப்புவதாக இருந்தால், வண்டியை நீங்களே ஏறிப் பாருங்கள். 2012இல் சேலையூர்ப் பள்ளி ஒன்றின் பேருந்துத் தரையில் இருந்த ஓட்டை வழியாக ஒரு சிறுமி விழுந்து இறந்த பிறகு, பள்ளிப் பேருந்துகளுக்கென்றே தமிழக அரசு தனி விதிகளைக் கொண்டுவந்தது. மஞ்சள் வண்ணம், அவசரக் கதவு, முதலுதவிப் பெட்டி, தீயணைப்பான், வேகக் கட்டுப்பாட்டுக் கருவி, குழந்தைகளை ஏற்றி இறக்க உதவியாளர் ஆகியவை கட்டாயம். பள்ளி திறப்பதற்கு முன் கோடை விடுமுறையில் வட்டாரப் போக்குவரத்து அலுவலர்கள் வண்டிகளை ஆய்வு செய்வார்கள். பள்ளியின் சொந்த வண்டிக்குத்தான் இதெல்லாம். ஊருக்குள் பெற்றோர் நாலு பேர் சேர்ந்து பேசிவிடும் ஆம்னி வேனுக்கு இந்தப் பாதுகாப்பு எதுவும் இருக்காது. முன்சீட்டில் மூன்று குழந்தைகளை நெருக்கி உட்கார வைத்துப் போவதை நாம் தினமும் பார்க்கிறோம்.

கட்டணத்தைப் பொறுத்தவரை, 2009ஆம் ஆண்டுச் சட்டப்படி ஓய்வு பெற்ற உயர் நீதிமன்ற நீதிபதி தலைமையிலான குழு ஒவ்வொரு தனியார் பள்ளிக்கும் தனித்தனியாகக் கட்டணம் நிர்ணயிக்கிறது. ஒருமுறை நிர்ணயித்தால் மூன்று கல்வியாண்டுக்கு அது செல்லும். அந்த ஆணையின் நகலைக் கேளுங்கள். டெர்ம் பீஸ், புத்தகம், சீருடை, வேன், ஆண்டு விழா, சிறப்பு வகுப்பு என்று ஒவ்வொன்றுக்கும் என்ன தொகை என்பதை எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். எதற்குப் பணம் கட்டினாலும் ரசீது வேண்டும். ரசீது தராமல் வாங்கும் தொகையைப் பின்னால் யாரிடமும் போய்க் கேட்க முடியாது.

மறுமொழி: தனியார் பள்ளி ஆசிரியை, பொள்ளாச்சி

சிறிய பள்ளி என்றாலே பாசமான பள்ளி என்ற எண்ணம் பல பெற்றோரிடம் இருக்கிறது. அங்கே வேலை பார்த்தவள் என்ற முறையில் சில எச்சரிக்கைகளைச் சொல்ல விரும்புகிறேன்.

சிறிய பள்ளிகளில் சம்பளம் குறைவு. அதனால் ஆசிரியைகள் பாதி ஆண்டில் விலகிப் போவது சாதாரணமாக நடக்கிறது. ஒன்றாம் வகுப்புக் குழந்தைக்கு ஆண்டின் நடுவில் டீச்சர் மாறுவது பெரிய அதிர்ச்சி. புது டீச்சர் குரலுக்குப் பழகவே அதற்கு ஒரு மாதம் ஆகும். நீங்கள் முதலில் கேட்க வேண்டிய கேள்வி, 'இப்போது ஒன்றாம் வகுப்பு எடுக்கும் டீச்சர் எத்தனை ஆண்டுகளாக இங்கே இருக்கிறார்?' என்பதுதான். அலுவலகத்தில் கேட்டதோடு விடாமல், மாலையில் பள்ளி வாசலில் குழந்தையை அழைத்துப்போகக் காத்திருக்கும் தாய்மார்களிடமும் கேளுங்கள். அவர்கள் சொல்லும் விடை வேறாக இருக்கக்கூடும். தொடக்கக் கல்விப் பட்டயப் படிப்பு முடித்தவரா என்றும் விசாரியுங்கள். சிறு குழந்தைகளுக்கு எழுத்தறிவிப்பது தனிப் பயிற்சி வேண்டிய வேலை; எம்.எஸ்சி. படித்தவருக்கும் அந்தப் பயிற்சி இல்லையென்றால் ஒன்றாம் வகுப்பு கைக்கு வராது.

அடுத்தது அங்கீகாரம். 2004 ஜூலை 16 அன்று கும்பகோணத்தில் கூரை வேய்ந்த பள்ளியில் தீப்பிடித்து 94 குழந்தைகள் இறந்ததை நம் தலைமுறை மறக்க முடியாது. கட்டட உறுதிச் சான்று, கட்டட உரிமம், தீயணைப்புத் துறையின் தடையின்மைச் சான்று, சுகாதாரச் சான்று ஆகிய நான்கும் நடப்பில் இருந்தால்தான் பள்ளியின் அங்கீகாரம் தொடரும். பழைய கட்டடம் என்று சொல்கிறீர்கள். ஆகவே அங்கீகார ஆணை எந்தத் தேதி வரை செல்லும் என்று கட்டாயம் பாருங்கள். காட்டத் தயங்கினால், மாவட்டக் கல்வி அலுவலர் (தனியார் பள்ளிகள்) அலுவலகத்தில் கேட்டுத் தெரிந்துகொள்ளலாம். சி.பி.எஸ்.இ. பள்ளியானால், இணைப்பு எண்ணும் சான்றுகளும் அந்தப் பள்ளியின் இணையதளத்திலேயே வெளியிடப்பட்டிருக்க வேண்டும். 'இணைப்புக்கு விண்ணப்பித்திருக்கிறோம்' என்று சொல்லும் பள்ளியை நம்பிப் பணம் கட்ட வேண்டாம்.

சேர்க்கைக்கு முன் குழந்தைக்குத் தேர்வு, பெற்றோருக்கு நேர்காணல் என்று சொன்னால், கல்வி உரிமைச் சட்டத்தின் 13ஆம் பிரிவு அதைத் தடை செய்கிறது என்பதை நினைவில் வையுங்கள். நன்கொடையும் அதே பிரிவின்படி குற்றம். ஒன்று முதல் ஐந்து வரை முப்பது குழந்தைகளுக்கு ஓர் ஆசிரியர் என்ற அளவும் அந்தச் சட்டத்தின் அட்டவணையில்தான் இருக்கிறது. நாற்பதைத் தாண்டிய பிரிவில் ஒரு டீச்சர் எவ்வளவு முயன்றாலும் ஒவ்வொரு குழந்தையின் நோட்டையும் பக்கத்தில் உட்கார்ந்து பார்க்க முடியாது. அதனால்தான் கரும்பலகையைப் பார்த்து எழுதச் சொல்வதில் போய் முடிகிறது. அந்த டீச்சர்களைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

புத்தகப் பட்டியலையும் கேளுங்கள். அரசுப் பாடப் புத்தகத்தோடு தனியார் பதிப்பகங்களின் புத்தகங்கள் ஏழெட்டைச் சேர்த்துக் கொடுக்கும் பள்ளிகள் இருக்கின்றன. ஒன்று, இரண்டாம் வகுப்புக் குழந்தையின் பை ஒன்றரைக் கிலோவுக்கு மேல் போகக்கூடாது, இந்த வகுப்புகளுக்கு வீட்டுப்பாடமும் கூடாது என்று மத்திய அரசு 2018இலேயே சுற்றறிக்கை அனுப்பிவிட்டது. வேன் ஏறும் இடத்தில் ஒரு குழந்தையின் பையைக் கையில் தூக்கிப் பார்த்தால் அந்தப் பள்ளி எப்படிப்பட்டது என்று பாதி தெரிந்துவிடும்.

மறுமொழி: பெருந்துறை

இதே கேள்வியோடு இங்கே வரும் மற்ற பெற்றோருக்காக ஒரு தகவல். ஆண்டு வருமானம் 2 லட்சம் ரூபாய்க்குக் குறைவாக இருந்தால், வீட்டிலிருந்து ஒரு கிலோமீட்டருக்குள் உள்ள, சிறுபான்மை நிறுவனம் அல்லாத தனியார் பள்ளியில் கல்வி உரிமைச் சட்டத்தின் 25 சதவீத இட ஒதுக்கீட்டின் கீழ் நுழைவு வகுப்பில் சேர விண்ணப்பிக்கலாம். இணையவழி விண்ணப்பம்தான். பிறப்புச் சான்று, வருமானச் சான்று, இருப்பிடச் சான்று ஆகியவற்றை முன்கூட்டியே எடுத்து வையுங்கள்; அறிவிப்பு வந்த பிறகு இ-சேவை மையத்தில் கூட்டம் தாங்காது.

கேட்டவர்: தோட்டத்து வீடு, சென்னிமலை

எல்லோருக்கும் மனமார்ந்த நன்றி. நீங்கள் சொன்னபடி மாமனாரையும் அழைத்துக்கொண்டு இரண்டாவது, மூன்றாவது பள்ளிகளுக்குப் போய் வந்தோம். மெட்ரிக் பள்ளியில் மரியாதையாகப் பேசினார்கள்; ஆனால் நோட்டைக் காட்டும் வழக்கம் இல்லை என்று சொல்லிவிட்டார்கள். சிறிய பள்ளியில் ஒன்றாம் வகுப்பை எடுப்பவர் தலைமை ஆசிரியையே. அலமாரியைத் திறந்து, எந்த நோட்டு வேண்டுமானாலும் எடுத்துப் பாருங்கள் என்றார். பிழையும் திருத்தமுமாகக் குழந்தைகள் சொந்தமாக எழுதிய பக்கங்களை மாமனார் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு ஒவ்வொன்றாகப் படித்தார். மூன்றாம் வகுப்புப் பையன் ஒருவன் நாங்கள் கொண்டுபோன கதையைத் தமிழில் நன்றாகப் படித்தான். ஆங்கிலத்தில் சற்றுத் திணறினான். அங்கீகாரம் நடப்பில் இருக்கிறது. பெண் குழந்தைகள் கழிப்பறையில் ஒரு கதவுக்குத் தாழ்ப்பாள் இல்லை. கேட்டதற்கு, கோடை விடுமுறையில் சரிசெய்து விடுவதாகச் சொன்னார்கள். மாமனார் இப்போது பெரிய பள்ளியைப் பற்றிப் பேசுவதில்லை. கணவருக்கு மட்டும் ஆறாம் வகுப்பில் எங்கே சேர்ப்பது என்ற கவலையும், இந்தப் பள்ளியில் ஆங்கிலம் பின்தங்கிவிடுமோ என்ற கவலையும் இருக்கின்றன.

மறுமொழி: ஓய்வு பெற்ற தொடக்கப் பள்ளி ஆசிரியை, கோபிசெட்டிபாளையம்

நல்லது அம்மணி. மூன்றாம் வகுப்பில் ஒரு மொழியைச் சரளமாகப் படிக்கும் குழந்தைக்கு அடுத்த மொழி தாமதமானாலும் வந்து சேரும். இரண்டிலும் எழுத்துக் கூட்டத் தெரியாமல் ஒப்பிக்கும் குழந்தைக்குத்தான் பின்னால் சிக்கல். வீட்டில் தினமும் படுக்கும் முன் ஓர் ஆங்கிலக் கதையை நீங்களோ உங்கள் கணவரோ படித்துக் காட்டுங்கள், டியூஷன் வேண்டாம். ஆறாம் வகுப்புச் சேர்க்கை எல்லாப் பள்ளிகளிலும் வழக்கமாக நடப்பதுதான். உயர்நிலை வகுப்பு உள்ள பள்ளிகள் பல அந்த வகுப்பில் புதுப் பிரிவே தொடங்குகின்றன. குழந்தை நாலாம் வகுப்பு முடிக்கும்போது அதைத் தேடத் தொடங்கினால் போதும். அப்போது அவளுக்கு எது பிடிக்கிறது என்பதும் உங்களுக்குத் தெரிந்திருக்கும்.

இப்போது படிக்கும் பள்ளியில் எமிஸ் எண் (பள்ளிக் கல்வித் துறையின் இணையப் பதிவில் மாணவருக்குத் தரும் எண்) கொடுத்திருந்தால், ஏப்ரலில் பள்ளி மூடுவதற்கு முன்பே டி.சி.யைக் கேட்டு வாங்கி, எமிஸ் பதிவைப் பொதுத் தொகுப்புக்கு விடுவித்துவிட்டார்களா என்று உறுதி செய்துகொள்ளுங்கள். பெயர், முன்னெழுத்து, பிறந்த தேதி ஆகிய மூன்றும் பிறப்புச் சான்றில் உள்ளபடியே பதிவாகியிருக்க வேண்டும். தாழ்ப்பாள் விஷயத்தை மே மாதக் கடைசியில், பணம் கட்டுவதற்கு முன், நேரில் போய்ப் பார்த்துவிடுங்கள்.